2008-க்கு எதிரே ஒரு பூஜ்யம்

வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. யாராவது ஓர் அட்டவணையை அனுப்புவார்கள். பார்த்த மாத்திரத்தில் புரிகிற மாதிரி அதைக் கோடாகவோ கட்டமாகவோ மாற்றித் தர வேண்டும். எண்கள் என்னுடையவை இல்லை என்பதால் அவற்றைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. அச்சு நேராக இருக்கிறதா, நிறம் கண்ணை உறுத்தாமல் இருக்கிறதா, அவ்வளவுதான். அப்படித்தான் ஒரு பத்திரிகைக்காக, அமெரிக்காவில் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட குதிரைகளின் ஆண்டுவாரி எண்ணிக்கை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. 1990-ல் சுமார் 3,45,000. அங்கிருந்து இறங்கி 2002-ல் 42,000 அளவுக்கு வந்து, மறுபடி ஏறி 2006-ல் 1,05,000. 2007-ல் கொஞ்சம். 2008-க்கு எதிரே ஒரு பூஜ்யம். அதன் பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள்.

எனக்கு அந்தப் பூஜ்யம் ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருடத்தில் மனிதர்கள் செய்கிற எந்த வேண்டாத காரியமும் பூஜ்யத்தைத் தொட்டு நான் கோடு போட்டதில்லை. குறையும், தயங்கும், மறுபடி தலைதூக்கும். இது நேராக வந்து தரையில் உட்கார்ந்துவிட்டது. சிவப்பில் கோட்டை இழுத்து, பூஜ்யம் தொடுகிற இடத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் வைத்தேன். மேலே ‘நின்றுபோன கொலை’ என்று தலைப்பும் நானே போட்டேன். தலைப்பு என் வேலை இல்லை. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்திருந்தார். முப்பது வருடமாகத் தணிக்கை வேலை பார்ப்பவர். எந்தத் தாளைப் பார்த்தாலும் முதலில் கடைசி வரிக்குத்தான் அவர் கண் போகும். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவர், “ஏம்மா, இது பாதிக் கணக்குதானே?” என்றார்.

“ஏன் அண்ணா?”

“செலவு மட்டும் இருக்கு. ஆரம்ப இருப்பு எங்கே, பிறந்தது எத்தனை, வித்தது எத்தனை, கடைசி இருப்பு எங்கே? வருஷத்துக்கு ஒரு லட்சம் குதிரை ஒரு கதவு வழியா வெளியே போய்க்கிட்டு இருந்துச்சு. அந்தக் கதவைச் சாத்திட்டாங்க. சரி. அந்த ஒரு லட்சம் இப்ப எங்கே நிக்குது?”

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். நான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் எரிச்சல்தான் வந்தது. குதிரை என்ன கிடங்கில் அடுக்கிய சரக்கா, இருப்புக் கணக்கு பார்க்க?

கதவைச் சாத்திய விதம்

அமெரிக்கா குதிரைக் கொலையைத் தடை செய்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் எதுவும் வரவில்லை. நடந்தது வேறு. இறைச்சியை விற்க வேண்டுமானால் அரசு ஆய்வாளர் ஒருவர் பார்த்து முத்திரை குத்த வேண்டும். குதிரையைப் பரிசோதிக்கும் ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று 2006-ம் நிதியாண்டுச் செலவு மசோதாவில் நாடாளுமன்றம் ஒரு வரியைச் சேர்த்தது. முத்திரை இல்லையென்றால் வியாபாரம் இல்லை. அப்போது மிச்சமிருந்த குதிரை வெட்டும் கூடங்கள் மூன்றே மூன்று: டெக்சாஸில் இரண்டு, இல்லினாய்ஸில் ஒன்று. டெக்சாஸில் மனிதர் உண்பதற்காகக் குதிரை இறைச்சி விற்கக் கூடாது என்று 1949-லேயே ஒரு சட்டம் இருந்தது. யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த அது செல்லும் என்று 2007 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லினாய்ஸ் அதே ஆண்டு புதிதாகச் சட்டம் போட்டது. செப்டம்பரோடு மூன்றும் மூடின.

ஆக, கூடத்தைத்தான் மூடினார்கள். குதிரையை விற்பதையோ, வாங்குவதையோ, லாரியில் ஏற்றுவதையோ யாரும் நிறுத்தவில்லை. இங்கேதான் எனக்கு முதல் உறுத்தல்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. என் வரைபடத்தில் மிகப் பெரிய சரிவு இந்தச் சட்டங்களால் வந்ததே இல்லை. 3,45,000-லிருந்து 42,000-க்கு இறங்கியது 1990-க்கும் 2002-க்கும் நடுவில். இந்தத் தடைகள் எதுவும் நடைமுறையில் இல்லாத காலம் அது. 1980-களில் குதிரை வளர்ப்பு பணக்காரர்களின் முதலீடாகப் பேயாட்டம் ஆடியது. 1986-ல் வரிச் சட்டம் மாறி, நட்டக் கணக்கு காட்டும் வசதி போனதும் விலை சரிந்தது. தேவைக்கு மேல் பிறந்த குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. அவை தீர்ந்ததும் கோடு இறங்கியது. நான் மனமாற்றம் என்று நினைத்துச் சிவப்பில் இழுத்த கோட்டின் பெரும்பகுதி, சரக்குத் தேங்கித் தீர்ந்த கதை. அண்ணன் சொன்ன ‘இருப்பு’ என்ற சொல் மேல் இருந்த எரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

கணக்கு டேலி ஆன இரவு

அன்றிரவே தேட ஆரம்பித்தேன். விடை கிடைத்த இடம்தான் வேடிக்கை. எழுதியவர்கள் அண்ணனின் இனத்தார்: அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம். கூடங்கள் மூடிய பிறகு குதிரைகளின் நலம் என்ன ஆயிற்று என்று 2011 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார்கள்.

2006-ல் நாட்டுக்குள் கொல்லப்பட்டவை சுமார் 1,05,000. அதே ஆண்டு கொல்லப்படுவதற்காகவே கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் உயிரோடு ஏற்றுமதியானவை சுமார் 33,000. கூட்டினால் 1,38,000. சரி, 2010-ல்? நாட்டுக்குள் பூஜ்யம். ஏற்றுமதி கிட்டத்தட்ட 1,38,000.

நான் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நிஜ உலகத்துக் கணக்கு எதுவும் இப்படிப் பொருந்தாது. பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் நம்பியிருப்பேன். இது ஆயிரம்கூடப் பிசகவில்லை. நான்கு வருடத்தில் கனடாவுக்குப் போனவை 148 சதவீதமும், மெக்சிகோவுக்குப் போனவை 660 சதவீதமும் கூடியிருந்தன. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு குதிரைகூடப் பிழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இவை வேறு வேறு குதிரைகள், வேறு வேறு வருடங்கள். ஆனால் என் பச்சைப் புள்ளிக்கு அர்த்தம் போய்விட்டது.

பூஜ்யம் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்க மண்ணில், இறைச்சிக்காக, ஆய்வாளர் பார்க்க என்ற மூன்று நிபந்தனைக்குள் அந்த எண் துல்லியமானது. வரைபடத்தில் அந்த நிபந்தனைகள் தெரியாது. கோடு மட்டும்தான் தெரியும்.

மாறியது தூரம். டெக்சாஸில் ஒரு பகல் பயணத்தில் முடிந்திருக்க வேண்டியது எல்லைக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. கொலைக்குப் போகும் குதிரைகளை ஏற்றுவதற்கு அமெரிக்காவில் விதிமுறை இருக்கிறது: ஏற்றும் முன் ஆறு மணி நேரம் தீவனமும் தண்ணீரும் ஓய்வும், ஏற்றிய பிறகு 28 மணி நேரத்துக்குள் இறக்கித் தண்ணீர் காட்ட வேண்டும். 28 மணி நேரம்! சலுகையாக எழுதப்பட்ட எண் அது. ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் எண் போட்ட ஒரு வில்லையை ஒட்டுவார்கள். அந்த வில்லை எல்லை வரைக்கும்தான் பேசும். அதற்கு அந்தப் பக்கம் அமெரிக்க ஆய்வாளருக்கு அதிகாரம் கிடையாது.

‘அடிமாட்டு விலை’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். செருப்பு மலிவாகக் கிடைத்தாலும் அடிமாட்டு விலைதான். ஓர் உயிர் உழைத்து ஓய்ந்த பிறகு எடை பார்த்து விற்கப்படுவதை இத்தனை இயல்பாகப் பேச்சில் வைத்திருக்கிறோம். ஆனால் ‘அடிகுதிரை’ என்று ஒரு சொல் தமிழில் இல்லை. அமெரிக்க ஏலங்களில் அதை வாங்குகிற ஆளுக்கென்று ஒரு பெயரே உண்டு: கொலைக்கு வாங்குபவர். பந்தயக் குதிரை தோற்கத் தொடங்கியதும் சவாரிப் பள்ளிக்குப் போகும். அங்கே கால் நொண்டியதும் யாரோ ஒருவரின் பண்ணைக்கு. அவருக்கு வேலை போனாலோ விவாகரத்து ஆனாலோ ஏலத்துக்கு. ஒவ்வொரு கையும் தனக்கு அடுத்த கை நல்ல கை என்று நம்பித்தான் விற்கிறது. கடைசிக் கையில் மட்டும்தான் பெயர் போய் எடை வருகிறது.

ஃபெர்டினாண்ட் என்றொரு குதிரை. 1986-ல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்றது. மேலே இருந்த வில்லி ஷூமேக்கருக்கு அப்போது 54 வயது. 1987-ல் அமெரிக்காவின் ஆண்டுச் சிறந்த குதிரை. பிறகு இனப்பெருக்கத்துக்காக 1994-ல் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. குட்டிகள் சோபிக்கவில்லை. கை மாறியது. 2002-ல் ஜப்பானில் அது கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்ற செய்தி அடுத்த ஆண்டு வெளிவந்தபோது அமெரிக்காவே கொதித்தது. அதைத் தேடிக்கொண்டு போனவருக்குக் கடைசியில் கிடைத்த பதில், அது இப்போது ‘அப்புறப்படுத்தப்பட்டுவிட்டது’ என்பதுதானாம். கூடங்களை மூடச் சொன்ன குரல்கள் பலமானதில் ஃபெர்டினாண்டுக்கும் பங்குண்டு. அதன் சாவு ஜப்பானில் நடந்தது, கூடங்கள் மூடப்பட்டது அமெரிக்காவில் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிடரி மயிர்

அந்த இரவுக்குப் பிறகு குதிரை பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும் அண்ணனின் குரல்தான் கேட்டது. பழைய எண்களுக்குப் போனேன். பழையவை நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நப்பாசை.

பிரான்சின் சொலூத்ரே பாறையடியில் குதிரை எலும்புகள் பாளம் பாளமாகக் கிடக்கின்றன. 1866-ல் தோண்டத் தொடங்கினார்கள். ஒரு லட்சம் குதிரைகள் என்றுகூட மதிப்பிட்டவர்கள் உண்டு. ஆதிமனிதர்கள் மந்தை மந்தையாகக் குதிரைகளைத் துரத்திப் பாறை உச்சியிலிருந்து கீழே தள்ளினார்கள் என்ற கதை பரவியது. படம் எல்லாம் வரைந்தார்கள். எலும்பு கிடக்கும் இடம் அதற்குப் பொருந்தவில்லை. பருவம் மாறும்போது அடிவாரத்தின் வழியே இடம்பெயர்ந்த சிறு கூட்டங்களை மறித்துக் கொன்றிருக்கிறார்கள், அதுவும் 20,000 ஆண்டுகளுக்கு மேலாக. ஒரு லட்சம் என்றே வைத்து வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு ஐந்து குதிரை. படுகொலை என்று நினைத்தது, வகுத்தால் சமையல் செலவு. கால அளவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது எவ்வளவு பெரிய வித்தை!

அதே 1866-ல்தான் பாரிஸில் குதிரை இறைச்சிக் கடைகளுக்குச் சட்டப்படி அனுமதி கொடுத்தார்கள். ஏழைகளுக்கு மலிவான இறைச்சி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் விசித்திரமானது: கிழட்டுக் குதிரைக்குக் கடைசியில் நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தால், அதைச் சாகும்வரை அடித்து வேலை வாங்க மாட்டார்கள் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். கருணைக்காகத் திறந்த கடை. நாலு வருடத்தில் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டது. அந்தக் குளிர்காலத்தில் நகரம் தின்று தீர்த்த குதிரைகள் 65,000 முதல் 70,000.

லண்டன் கதை வேறு. அங்கே குதிரையை மனிதர்கள் சாப்பிடவில்லை. அதனால் ‘இறைச்சிக்காகக் கொல்லப்பட்டவை’ என்ற அட்டவணைப் பத்தியில் லண்டன் வராது. ஆனால் 1890-களில் ஒரே ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 26,000 லண்டன் குதிரைகளைக் கொன்றது. வண்டி இழுத்து ஓய்ந்தவை. இறைச்சி, குச்சியில் குத்தித் தெருத்தெருவாகப் பூனைகளுக்கு விற்கப்பட்டது. தோல் தோலுக்கு, குளம்பு வஜ்ஜிரத்துக்கு, எலும்பு உரத்துக்கு, வால் மயிர் நாற்காலி மெத்தைக்கு. லாடம்கூட மறுபடி உலைக்குப் போனது.

இந்தக் கொலைக் கொட்டடிகளைப் பற்றிப் படித்ததில் ஒரு விஷயம் மட்டும் என்னை விட்டு நகரவில்லை. குதிரை உள்ளே வந்ததும் முதல் வேலை அதன் பிடரி மயிரை ஒட்ட வெட்டிவிடுவது. 1911-ல் பிரிட்டன் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலேயே அது விதியாக இருக்கிறது. ஏன் தெரியுமா? கொல்வதற்கென்று வாங்கிய குதிரையை, ‘இன்னும் ஒரு மாசம் இழுக்கும்’ என்று பின்வாசல் வழியாக மறுபடி யாருக்காவது விற்றுவிடுவார்கள். பிடரி மொட்டையாக இருந்தால் தெருவில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும், இது செத்துப்போயிருக்க வேண்டிய குதிரை என்று. அந்த வெட்டு விழுந்ததும், மூச்சு இருக்கும்போதே, கணக்கில் அது ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு மாறிவிடுகிறது. அந்த முதுகு வில்லையும் இதுவும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஆனால் வில்லையைப் பிய்த்துவிடலாம்.

பெரிய பள்ளங்கள்

இறைச்சிக் கணக்கை விட்டுவிட்டு, அண்ணன் சொன்ன மாதிரி இருப்புக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பெரிய பள்ளங்கள் கண்ணில் பட்டன.

1915 வாக்கில் அமெரிக்காவில் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் குதிரைகள். கோவேறு கழுதைகளையும் சேர்த்தால் 2 கோடியே 60 லட்சம். 1960-ல் எல்லாம் சேர்த்துச் சுமார் 30 லட்சம். டிராக்டரும் லாரியும் வந்தன என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். குதிரை இருபது, இருபத்தைந்து வருடம் வாழும். ஆகவே நிறைய, வயதாகிச் செத்து, அவற்றின் இடத்தில் குட்டி போட விடாமலேயே குறைந்திருக்கும். ஆனால் மேற்கே திறந்த வெளிகளில் திரிந்த குதிரைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1920-களில் இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டில் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து நாய்களுக்கு விற்கும் தொழில் தொடங்கியது. ரயில் ரயிலாகக் காட்டுக் குதிரைகள் அங்கே போயின. 1950-ல் நெவாடாவில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண் வேலைக்குப் போகும் வழியில், முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பார்த்துப் பின்தொடர்ந்தார். அங்கிருந்து தொடங்கிய போராட்டம் 1959-ல் ஒரு சட்டத்தையும், 1971-ல் காட்டுக் குதிரைகளுக்கான முழுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஓர் ஒழுகல் கண்ணில் பட்டதால் வந்தது. ஒழுகாத லாரிகள் எத்தனையோ.

அதைவிடச் செங்குத்தான பள்ளம் சோவியத் ஒன்றியத்தில். 1934 ஜனவரியில் கட்சியின் 17-வது மாநாட்டில் ஸ்டாலினே வாசித்த எண்கள்: 1929-ல் 3 கோடியே 40 லட்சம் குதிரைகள். அடுத்த ஆண்டு 3.02 கோடி. பிறகு 2.62 கோடி. பிறகு 1.96 கோடி. 1933-ல் 1.66 கோடி. நாலே வருடத்தில் பாதிக்கு மேல் இல்லை. கூட்டுப்பண்ணைக்குக் கொடுப்பதைவிட நாமே வெட்டித் தின்றுவிடலாம் என்று விவசாயிகள் கொன்றவை ஒரு பங்கு. பண்ணைக்குப் போய்த் தீவனம் இல்லாமல் விழுந்தவை இன்னொரு பங்கு. இதில் எத்தனையைக் ‘கொலை’ என்று எழுதுவது? மனிதர்களும் லட்சக்கணக்கில் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மாநாட்டில் அது ஒரு கால்நடை அட்டவணையாக வாசிக்கப்பட்டது. அதற்கும் யாரோ ஒருவர் என்னைப் போல உட்கார்ந்து கட்டம் போட்டிருப்பார்.

முதல் உலகப் போரில் எல்லாத் தரப்பிலுமாகச் செத்த குதிரைகள் 80 லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். ஆஸ்திரேலியா கடல்கடந்து அனுப்பிய சுமார் 1,36,000 குதிரைகளில் வீடு திரும்பியது ஒன்றே ஒன்று, சாண்டி. பிரிட்டிஷ் படை போர் முடிந்ததும் எகிப்தில் ஆயிரக்கணக்கான குதிரைகளை விற்றுவிட்டுப் போனது. 1930-ல் கெய்ரோவுக்கு வந்த டாரதி புரூக், கல் வண்டி இழுத்துக்கொண்டிருந்த எலும்புக்கூடுகள் மேல் படையின் அம்புக்குறி முத்திரையைப் பார்த்தார். நாளிதழுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சில ஆண்டுகளில் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். வாங்கி? சில நாள் நல்ல தீவனமும், படுக்க மெத்தென்று வைக்கோலும் கொடுத்து, பெரும்பாலானவற்றை வலியில்லாமல் கொன்றார். அவற்றின் உடல் அதற்கு மேல் எதையும் தாங்காது. 1934-ல் அவர் தொடங்கிய கெய்ரோ மருத்துவமனை அதிலிருந்துதான் பிறந்தது. என் அட்டவணையில் அந்த 5,000-மும் டெக்சாஸின் 5,000-மும் ஒரே நீளக் கட்டமாகத்தான் வரும்.

உலக எண்

இன்றைக்கு உலகம் முழுவதும் ஆண்டுக்கு 45 முதல் 50 லட்சம் குதிரைகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குகள் சொல்கின்றன. மொத்தக் குதிரைகளே சுமார் 6 கோடி. கோழிகள் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல். இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தேன்: கோழிக் கட்டம் 14 மீட்டர் உயரம் என்றால் குதிரை ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டருக்குத்தான் இத்தனை சட்டம், இத்தனை கண்ணீர். கோழிக்கு அழாதவன் குதிரைக்கு ஏன் அழுகிறான் என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். என்னிடம் உள்ள பதில் சிறியது. கோழி ஏமாற்றப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குதிரையிடம் நாம் வேறொன்றைச் சொல்லி அழைத்து வந்தோம்.

அதனால்தான் கசாக்ஸ்தானின் எண் என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. அங்கே குளிர்காலத் தொடக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு குதிரையைக் கொழுக்க வைத்து வெட்டி, மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சோகிம் என்று அதற்குப் பெயர். அந்த நிலத்தில் பொதாய் என்ற இடத்தில் கிடைத்த 5,500 ஆண்டுப் பழைய எலும்புகளில் ஏறத்தாழ எல்லாமே குதிரை. வளர்த்தவர், வெட்டியவர், உண்டவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே வீட்டார். கணக்கு ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் அப்படி இல்லை. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்தபோது, ஒன்றில் 29 சதவீதம் குதிரை இருந்தது. நரி பரியான கதை நமக்குத் தெரியும். இங்கே பரி மாடாகியிருந்தது. அதிலும் மனிதர்கள் அலறியதற்குப் பாதிக் காரணம் ஒரு மருந்து: ஃபினைல்பியூட்டசோன். பந்தயக் குதிரைக்கும் சவாரிக் குதிரைக்கும் மூட்டு வலிக்குச் சர்வசாதாரணமாகக் கொடுப்பது. அது ஏறிய குதிரை மனித உணவுக்கு ஆகாது. கை மாறி மாறி வந்த அமெரிக்கக் குதிரைக்கு மருந்துச் சீட்டு யாரிடம் இருக்கும்? பூர்வீகத்தை நம்ப முடியவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் மெக்சிகோவின் குதிரை இறைச்சியை நிறுத்தியது. 2017-லிருந்து அமெரிக்கக் குதிரைகளை ஆறு மாதம் கனடாவில் வைத்திருந்த பிறகே வெட்ட வேண்டும் என்று ஆனது. ஆறு மாதத் தீனிச் செலவு யாருக்குக் கட்டுபடியாகும்? 1,38,000 என்று இருந்த ஏற்றுமதி 2021-ல் 25,000-க்கும் கீழே வந்தது. கருணைக்கு அசையாத கோடு மருந்துச் சீட்டுக்கு இறங்கியது.

பத்திரிகைக்கு எழுதிக் கேட்டேன்: பூஜ்யத்தின் மேல் ஒரு நட்சத்திரக் குறி, கீழே இரண்டு வரி விளக்கம். இடமில்லை என்றார்கள். தலைப்பையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்களாம். கடைசியில் பச்சைப் புள்ளியை அழித்துவிட்டு, சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றுமதிக்காகப் புள்ளிக்கோடு ஒன்று சேர்த்தேன். இவன் கீழே போகப் போக அவன் மேலே ஏறி, 2012 வாக்கில் உச்சிக்குப் போய், பிறகு இறங்குகிறான்.

அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன். ராத்திரி போன் வந்தது.

“இப்ப முக்கால் கணக்கு. ஆனா 2015-க்கு அப்புறம் புள்ளிக்கோடும் இறங்குதே. வாங்குறவன் குறைஞ்சான், சரி. வளர்க்கிறவன் குறைஞ்சானா?”

பிறப்புப் பத்தியைத் தேடினேன். வட அமெரிக்காவில் பந்தயத்துக்கென்று பதிவான தரோபிரெட் குட்டிகள் 2006-ல் சுமார் 38,000. 2021-ல் 20,000-க்கும் கீழே. இது ஓர் இனம்தான். அந்த எண்களை அண்ணனுக்கு அனுப்பினேன்.

“சரி, இது பிறப்புல குறைஞ்சது. முன்னாடியே பிறந்து நிக்குதே, அது?” என்று பதில் வந்தது.

புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். தலைப்புக் கட்டம் காலியாக இருக்கிறது.